குதிகால் வலி, பெருவிரல் புடைப்பு, அதற்கு மேல் பட்டுப்புடவை: காலுக்கு என்ன போடுவது?

டோம்பிவிலிக்காரி | 12 அக்டோபர், இரவு 10.47

எல்லோருக்கும் வணக்கம். வயது 47, மும்பை ஃபோர்ட்டில் ஆபீஸ். காலையில் கல்யாண் வரை பின்னால் போய் ஸீட் பிடித்து வருகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, அதனால் டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஏறி தாதர் வரைக்குமாவது நின்றுகொண்டுதான் போகிறேன். இது 19 வருஷமாக.

வலது கால் குதிகாலில், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் யாரோ ஆணி இறக்கின மாதிரி இருக்கிறது. பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் பாதி குறைந்துவிடும். சாயங்காலம் சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் நடக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். இடது காலில் வேறு கதை. பெருவிரல் மூட்டில் எலும்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, விரல் பக்கத்து விரல் மேல் சாய்கிறது. என் அம்மாவுக்கும் இதே கால்தான்.

ஆபீஸுக்குச் சல்வாருக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுச் சமாளிக்கிறேன். பிரச்சினை தை மாதம். அண்ணன் மகள் கல்யாணம், மாட்டுங்காவில். நான் ஒரே அத்தை, வாசலில் நின்று வரவேற்பதிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் நின்றே ஆக வேண்டும். அரக்குப் பட்டுக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ எட்டிப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? ஆர்த்தோ செருப்பு என்று கடையில் எடுத்துப் போட்டவை எல்லாம் கருப்பு, இல்லாவிட்டால் மெரூன், குறுக்கே பட்டையாக வெல்க்ரோ. பார்த்தாலே ஆஸ்பத்திரி வாசனை வருகிறது. வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைப் பையன் "ஆன்ட்டி, யே ஹெல்த் கே லியே ஹை, ஃபேஷன் கே லியே நஹி" என்றான், ஆரோக்கியத்துக்குத்தானாம், அழகுக்கு இல்லையாம். கால் வலிக்கிறவளுக்கு ஆசை இருக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது?

கால் வலிக்கும் ஆகிற, பட்டுக்கும் பொருந்துகிற செருப்பை யாராவது கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள். கடை, பிராண்ட், தைத்துக் கொடுப்பவர், எதுவானாலும் சரி.

கல்வா பாலம் | 12 அக்டோபர், இரவு 11.30

அக்கா, அந்தக் காலை நேரத்து ஆணியை எனக்கும் தெரியும். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஊர் சுற்றுகிற வேலை எனக்கு. நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பிக்கலாம். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று நினைத்து ஒரு மாலில் போய்க் கட்டை விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குகிற ஷூவாகப் பார்த்து 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்குள் நடக்கும்போது மேகத்தில் நடக்கிற மாதிரிதான் இருந்தது. ஆறாவது வாரம் அந்த மேகம் குதிகால் பக்கம் சப்பி, உள்பக்கமாகச் சாய்ந்துபோய், வலி முன்பைவிட அதிகம். மாற்றித் தரச் சொன்னால் "யூஸ் பண்ணிவிட்டீர்கள்" என்றார்கள். ஷூவை யூஸ் பண்ணாமல் ஷோகேஸிலா வைப்பார்கள்?

இப்போது போடுவது கையில் எடுத்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் எட்டு மாதமாக ஓடுகிறது. அழகைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் ஆம்பிளை, கருப்பாக இருந்தால் போதும் எனக்கு.

மாட்டுங்கா மாமி | 13 அக்டோபர், காலை 6.05

நானும் வயசானவள்தான் குழந்தே, 68. இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் எதற்குச் செலவு? முள்ளு முள்ளாக இருக்குமே அக்குபிரஷர் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு தினம் பத்து நிமிஷம் நட. நரம்பெல்லாம் தூண்டிவிட்டு வலி ஓடிப்போகும். எங்காத்து மாமாவுக்குச் சர்க்கரை, கால் மதமதவென்று இருக்கிறது என்பார், அவருக்கும் அதையேதான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், காலில் மெட்டி போட்டிருக்கிறாயோ? சாய்ந்த விரலும் மெட்டியும் மூடின ஷூவுக்குள் இருந்தால் சண்டை போடும்.

டோம்பிவிலிக்காரி | 13 அக்டோபர், காலை 8.20

மாமி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! பெருவிரல் சாய்ந்து வந்து மெட்டி மேல்தான் உட்காருகிறது. சாயங்காலம் கழற்றினால் விரலின் ஓரத்தில் மெட்டியின் கோடு அப்படியே பள்ளமாக இருக்கிறது. நான் ஷூதான் கடிக்கிறது என்று ஷூவை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

(ரயிலில் நின்றுகொண்டே தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மும்ப்ரா ஸ்டேஷனைத் திட்டுங்கள்.)

சயான் பிசியோ | 13 அக்டோபர், மதியம் 2.15

மாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. மெட்டி விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு, இதை டாக்டர்களே பலர் கேட்க மறந்துபோவோம். ஆனால் மாமா காலிலிருந்து அந்த முள்ளுச் செருப்பை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். சர்க்கரையில் கால் மதமதப்பு என்றால் உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். முள் குத்திப் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது, சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் பார்ப்பார். வெந்நீரும் வேண்டாம், சூடு தெரியாமல் கால் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியும் அவருக்கு ஆகாது, அதில் தோலை அரிக்கிற சாலிசிலிக் ஆசிட் இருக்கும். அவருக்குச் சரியானது எம்சிஆர் என்கிற நுண்ணறை ரப்பர் செருப்பு. நம் ஊர் விஷயம்தான் அது. 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயில் மரத்துப்போன கால்களுக்கு எப்படிச் செருப்பு போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அந்த வழியில் வந்தது.

இப்போது டோம்பிவிலி அக்கா. நேரில் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது, ஆனால் முதல் அடியில் ஆணி, நடக்க நடக்கக் குறைவது என்பது பெரும்பாலும் பிளாண்டர் ஃபேஸியைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் வில்லுக்கு நாண் கட்டின மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது. ராத்திரி முழுக்கப் பாதம் தொங்கிக் கிடப்பதில் அது இறுகிப்போகிறது, காலையில் திடீரென்று மொத்த எடையையும் போட்டு இழுக்கிறோம். எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று சொன்னால் பயப்படாதீர்கள், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் எலும்பு இருக்கும். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள், அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை எதுவும் இல்லாமலே சில மாதங்களில், அதிகம் போனால் ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும்.

கல்வா தம்பி சொன்ன மேகத்துக்கு வருகிறேன். கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். ஷூவின் இரண்டு முனையையும் பிடித்து வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நட்டநடுவில் மடிந்தால் கீழே வையுங்கள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் முழுக்க முறுக்கிக்கொள்ளக் கூடாது. பின்பக்கம் குதிகாலைப் பிடிக்கிற இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் சட்டென்று சப்பக் கூடாது. மேலே கொஞ்சம் மெத்தென்று, கீழே கெட்டியாக. அப்புறம் சுத்தமாகத் தட்டையான செருப்பைவிட இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஏற்றம் உங்கள் குதிகாலுக்கு நல்லது. அதற்கு மேல் போனால் எடை முன்பாதத்துக்கு வரும், இடது கால் மூட்டு அழும்.

இன்னொன்று, வீட்டில் வெறுங்காலோடுதானே நடக்கிறீர்கள்? டைல்ஸ் தரை. பாதி வலி அங்கிருந்துதான்.

மாட்டுங்கா மாமி | 13 அக்டோபர், மாலை 4.40

மாமா செருப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டாச்சு. அவர் காலைத் திருப்பிப் பார்த்தேன், சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சிவப்பு. நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். நல்லவேளை சொன்னாய், தீர்க்காயுசா இரு.

ஆனால் ஆத்துக்குள் செருப்பு என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஸ்வாமி படம் இருக்கிற இடத்தில் செருப்பா?

சயான் பிசியோ | 13 அக்டோபர், மாலை 5.10

என் அம்மாவும் இதையேதான் சொன்னார். வாசலைத் தாண்டாத ஒரு ஜோடி, புதிதாக வாங்கி நேரே வீட்டுக்குள். பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டுப் போகிறார். அடுக்களையில் அடுப்புக்கு முன்னால் ஒரு தடிமனான மேட். இரண்டு மாதம் முணுமுணுத்தார், இப்போது கழற்றச் சொன்னால்தான் முணுமுணுக்கிறார்.

வெறுங்கால் வேந்தன் | 13 அக்டோபர், இரவு 9.00

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தெரியவில்லை. எங்கள் தாத்தா 84 வயது வரை செருப்பே போட்டதில்லை, குதிகால் வலி என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. செருப்புக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது எல்லாம். எல்லோரும் கழற்றி எறியுங்கள், தானே சரியாகும்.

கல்வா பாலம் | 13 அக்டோபர், இரவு 9.25

அண்ணே, தாத்தா நடந்தது வரப்பு, களத்துமேடு. நாங்கள் நடப்பது குர்லா ஸ்டேஷன் பாலம். ஜூலை மழையில் ஒருநாள் அந்தப் பாலத்தில் வெறுங்காலோடு ஏறி இறங்கிவிட்டு வந்து எழுதுங்கள், படிக்கிறோம்.

பாந்த்ரா தட்டைக்கால் | 14 அக்டோபர், மதியம் 12.50

எனக்கு 27 வயசு, பிறந்ததிலிருந்து தட்டைப் பாதம், ஈரக்காலோடு தரையில் நின்றால் உள்வளைவே இல்லாமல் தோசை மாதிரி முழுசாகப் பதியும். ஆனால் எனக்கு செருப்புப் பைத்தியம், 30 ஜோடி இருக்கும். அதனால் அழகு பக்கத்து வக்கீலாக வருகிறேன்.

ஆர்த்தோ என்று பெயர் போட்ட அலமாரிக்கே போகாதீர்கள் அக்கா. சாதாரணக் கடையில், உள்ளே சில விஷயம் சரியாக இருக்கிற அழகான செருப்பைத் தேடுங்கள். உள்சோலைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் உங்கள் சோலைப் போட்டுக்கொள்ளலாம். ஊசி ஹீலுக்குப் பதிலாக வெட்ஜ் (அடி முழுக்க ஆப்பு மாதிரி ஏறுகிற ஹீல்), இல்லாவிட்டால் அகலமான பிளாக் ஹீல். பின்னால் ஒரு வார் இருக்க வேண்டும். பின்வார் இல்லாத செருப்பு கழன்று போகாமலிருக்க நம்மை அறியாமல் விரலால் பிடித்துக்கொண்டே நடக்கிறோம், அது குதிகாலுக்கும் ஆகாது, சாய்ந்த விரலுக்கும் ஆகாது. பெல்லீஸ் என்கிற தட்டை ஷூ பக்கம் திரும்பவே வேண்டாம், அது அட்டைக்கு ரிப்பன் கட்டினது.

பிராண்ட் என்றால் பர்க்கன்ஸ்டாக் தங்க நிறத்திலேயே கிடைக்கிறது, பட்டுப்புடவைக்கே போட்டிருக்கிறேன். அதில் அகலம் இரண்டு வகை. செருப்பில் பாதச் சின்னம் போட்டிருக்கும், வெறும் கோடாக இருந்தால் ரெகுலர், உள்ளே நிரப்பியிருந்தால் குறுகலானது. தெரியாமல் குறுகலை வாங்கிவிட்டு "கடிக்கிறது" என்பவர்கள் நிறைய. நியூ பேலன்ஸில் பெட்டி மேல் எழுத்து இருக்கும், பெண்களுக்கு பி என்றால் சாதாரணம், டி என்றால் அகலம். விலைதான் அழுகை. நான் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குவேன்.

கோலாப்பூரி தோல் செருப்பு ஆசை இருந்தால் இப்போதைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். 2025ல் மிலானில் பிராடா கம்பெனியின் ஃபேஷன் மேடையில் ஏறினதிலிருந்து என் ஆபீஸில் எல்லோர் காலிலும் அதுதான், எனக்கும் உயிர், ஆனால் சப்பென்று தட்டை. அரை நாள் போட்டால் மறுநாள் நான் நொண்டி.

தொண்ணூறடி ரோடு | 14 அக்டோபர், இரவு 11.55

வேலை முடித்து இப்போதுதான் படித்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தவர். நான் இப்போது பை, பெல்ட் தைக்கிறேன், அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஷூ வேலை பார்த்தேன். எல்லோரும் ஷூவைப் பற்றியே பேசுகிறீர்கள், யாரும் காலை அளக்கவில்லை.

ஷூ எதன் மேல் தைக்கிறோம் தெரியுமா? ஃபர்மா என்று கால் மாதிரி ஒரு அச்சு, முன்பெல்லாம் மரம், இப்போது பிளாஸ்டிக். ஷூவின் குணம் எல்லாம் அதில்தான். 5, 6, 7 என்று நீளத்துக்கு ஃபர்மா வைத்திருப்பார்கள், ஒரே நீளத்தில் மூன்று அகலம் வைக்க முதல் போடுகிறவர்கள் குறைவு. பெண்கள் ஃபர்மாவில் முன்பக்கம் கூர்மையாக இருந்தால்தான் கடை கண்ணாடியில் ஷூ அழகாகத் தெரியும் என்று இன்னும் ஒடுக்கிவிடுவார்கள். அப்படி ஒரு கால் எங்கேயும் கிடையாது, நடுவிரல்தான் பெருவிரலைவிட நீளம் என்றால் ஒழிய.

அக்கா, இதைச் செய்யுங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கிற நேரம். செய்தித்தாள் விரித்து இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சுற்றி வரையட்டும், உள்பக்கமாகச் சாய்த்தால் கணக்கு தப்பும். இரண்டு காலும் வரையுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. நீளம், விரல் அடியில் அகலமான இடத்தின் அளவு, இரண்டையும் எழுதுங்கள். பிறகு உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஷூவையும் அந்தப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சொல்வதற்கு வேறு எதுவும் இருக்காது.

புடைப்பு உள்ள காலுக்கு மூன்று விஷயம். மூட்டுக்கு மேல் தையலோ பக்கிளோ வரக் கூடாது. ரெக்ஸின் வேண்டாம், விரியாது, தோல்தான் காலுக்கு இடம் கொடுக்கும். பெருவிரலுக்கு வளையம் வைத்த செருப்பு வேண்டாம்.

டோம்பிவிலிக்காரி | 16 அக்டோபர், இரவு 10.10

வரைந்தேன். வரைந்தது பத்தாவது படிக்கிற மகன், "கூச்சமாக இருந்தால் சிரிக்காதே, கோடு கோணும்" என்று அதட்டல் வேறு.

நீளம் 23.8. அகலம் வலது 9.9, இடது 10.4. என் நல்ல ஷூ, போன வருஷம் தீபாவளிக்கு வாங்கினது, இரண்டு முறை போட்டுவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேனே, அதைப் படத்தின் மேல் வைத்தேன். சுற்றி வெளியே பென்சில் கோடு தெரிகிறது. சுண்டுவிரல் முழுசாக ஷூவுக்கு வெளியே! உள்ளே அளந்தால் அகலம் 8.3. இரண்டு சென்டிமீட்டர் காலை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. நீளத்தில் மட்டும் தாராளமாக இருக்கிறது. அகலம் போதாததால் நான் சைஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், 5ல் ஆரம்பித்து இப்போது 7. அதனால்தான் குதிகால் உள்ளே வழுக்கி வழுக்கிப் போயிருக்கிறது.

மொத்தம் ஒன்பது ஜோடி. இரண்டுதான் தேறின. ஒன்று அந்த ஸ்போர்ட்ஸ் ஷூ. இன்னொன்று மழைக்குப் போடும் ரப்பர் செருப்பு, 250 ரூபாய்.

சயான் பிசியோ | 17 அக்டோபர், காலை 7.30

இது உங்கள் தப்பு இல்லை அக்கா. நம்மிடம் விற்கிற சைஸ் எல்லாம் பிரிட்டிஷ் கணக்கு, ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் நீளத்தில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, எட்டரை மில்லிமீட்டர். அகலத்தைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சிஎல்ஆர்ஐ, 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாண மெஷின் வைத்து அளந்தது. நம் ஊர்க் கால்கள் பொதுவாக அகலம், அதனால்தான் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறோம் என்று தெரிந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற பெயரில் ஓர் அளவுமுறையும் முன்வைத்தார்கள். அது கடைக்கு வரும்வரை உங்கள் பென்சில் படம்தான் அளவுமுறை.

உள்சோலுக்கு ஒன்று சொல்கிறேன். ஹாஜி அலியில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, 1955லிருந்து. செயற்கைக் கால், காலைத் தாங்குகிற காலிப்பர், ஷூ மாற்றியமைப்பது எல்லாம் அங்கே உண்டு. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் உங்கள் காலுக்கென்றே செய்துகொள்ளலாம். ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

பாந்த்ரா தட்டைக்கால் | 17 அக்டோபர், காலை 11.05

நானும் நேற்று ராத்திரி வரைந்து பார்த்தேன். 30ல் 11. யாரும் என்னிடம் பேசாதீர்கள்.

தொண்ணூறடி ரோடு | 17 அக்டோபர், இரவு 11.20

தைத்துக்கொள்வதானால் செம்பூர் பக்கம் டக்கர் பாப்பா காலனிக்குப் போங்கள். தெரு முழுக்க ஷூ வேலைதான், பெரிய கடைகளுக்குப் போகிற சரக்கும் அங்கிருந்து போகிறது. மொத்த வியாபாரிகள் ஒற்றை ஜோடிக்கு முகம் கொடுக்க மாட்டார்கள், சின்னப் பட்டறையாகப் பார்த்துக் கேளுங்கள். படத்தைக் கையில் எடுத்துப் போங்கள். ஃபர்மாவில் புடைப்பு இருக்கிற இடத்தில் தோல் துண்டு ஒட்டி ஏற்றச் சொல்லுங்கள், தெரிந்தவன் உடனே புரிந்துகொள்வான். "சப் ஹோ ஜாயேகா", எல்லாம் ஆகிவிடும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்கிறவனிடம் பணம் கொடுக்காதீர்கள்.

டோம்பிவிலிக்காரி | 30 நவம்பர், மாலை 6.35

இத்தனை நாள் காணோமே என்று கேட்டவர்களுக்கு: ஹாஜி அலிக்கு இரண்டு நடை, சோல் கிடைத்துவிட்டது. துண்டு வைத்து இழுக்கிறேன். வீட்டுக்குள் செருப்பு போடுகிறேன். மெட்டியைக் கழற்ற மனசு வரவில்லை, தட்டார் கடையில் கொடுத்து மெல்லிசுக் கம்பியாக மாற்றிக்கொண்டேன். காலையில் குத்துகிற ஆணி இப்போது குண்டூசி அளவுக்கு வந்திருக்கிறது.

டக்கர் பாப்பா காலனியில் முதல் பட்டறையில் அந்த "சப் ஹோ ஜாயேகா"வே கிடைத்தது, திரும்பிவிட்டேன். மூன்றாவதில் ஒரு பெரியவர். படத்தை வாங்கித் தரையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். புடைப்பு இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே "எத்தனை வருஷமாக?" என்றார். டாக்டர் கூட அதைக் கேட்கவில்லை. ஃபர்மாவை எடுத்து இடது பக்கம் மட்டும் துண்டு துண்டாகத் தோல் ஒட்டி அரத்தால் ராவினார், ஒரு கட்டத்தில் அது அச்சு அசல் என் கால் மாதிரி அசிங்கமாக வந்து நின்றது, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அரக்குப் பட்டு என்பதால் மங்கின தங்க நிறத் தோல், உள்ளே ஆட்டுத்தோல் லைனிங். முன்னால் குறுக்காக இரண்டு அகல வார், பின்னால் மெல்லிய வார், ஓர் அங்குல வெட்ஜ், ஹாஜி அலி சோல் உட்காரப் பள்ளம். 2,600 ரூபாய்.

வாங்கிப் போட்டால், ஐயோ, வாரின் விளிம்புத் தையல் நேரே மூட்டின் மேல். பத்து நிமிஷத்தில் சிவந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனேன். கோபப்படவில்லை, பிளேடை எடுத்துப் பிரித்தார். வாரை அரை அங்குலம் பின்னுக்குத் தள்ளி, மடிப்புக்குள் தெரியாதபடி எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.

தொண்ணூறடி ரோடு | 30 நவம்பர், இரவு 10.50

சரியான ஆளிடம் போயிருக்கிறீர்கள். முதல் தடவையே சரியாக வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள், புதுத்தோல் பழக வேண்டும்.

டோம்பிவிலிக்காரி | 27 ஜனவரி, இரவு 9.15

கல்யாணம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ரிசப்ஷன் ஆறரை மணியிலிருந்து பத்தே முக்கால் வரை. வாசலில் நின்றேன், மேடையில் நின்றேன், பந்தியில் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று சுற்றி வந்தேன். செருப்பு ஞாபகமே வரவில்லை. சம்பந்தி வீட்டு அம்மாள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். நான் உடனே சொல்லவில்லை, கொஞ்சம் கெத்தாக இருந்துகொண்டேன்.

காலை முகூர்த்தத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்று மாதம் செருப்புக்கு அலைந்தவளுக்கு முகூர்த்தத்துக்கு எல்லோரும் வெறுங்காலோடு நிற்போம் என்பது புத்தியில் ஏறவே இல்லை பாருங்கள். ஐந்து மணியிலிருந்து மண்டபத்துக் கருங்கல் தரை, மார்கழிக் குளிர் விடாத ஜில். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், பச்சைப்பிடி (சோற்று உருண்டை) சுற்றுவது என்று மூன்று மணி நேரம். ஊஞ்சல் பாட்டு நடுவில் வலது குதிகால் பழைய ஆணியை எடுத்துவிட்டது. அண்ணி பார்த்துவிட்டுப் பந்தியிலிருந்து ஜமக்காளம் ஒன்றைத் தூக்கிவந்து நாலாக மடித்து என் காலடியில் போட்டாள். அதற்குப் பிறகு நான் எங்கே நகர்ந்தாலும் யாராவது ஒரு குழந்தை ஜமக்காளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. வீடியோவில் எல்லாம் விழுந்திருக்கிறது.

மாட்டுங்கா மாமி | 28 ஜனவரி, காலை 6.10

அடடா, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. கால் வலிக்கிற மாமிகள் எல்லோரும் சாக்ஸுக்குள் மெல்லிசு சோல் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறோம். தோல் நிறச் சாக்ஸ், புடவை மறைத்துவிடும். மாமா கால் சிவப்பு ஆறிப்போச்சு, எம்சிஆர் செருப்போடு பஜன சமாஜத்துக்குப் போய் வருகிறார். வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக மனசில்லை, பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறார்.

கல்வா பாலம் | 28 ஜனவரி, காலை 9.40

ஜமக்காள வீடியோவைப் போடுங்கள் அக்கா.

டோம்பிவிலிக்காரி | 28 ஜனவரி, இரவு 10.00

போட மாட்டேன்.

கல்யாணத்துக்கு வந்த அம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறாள், 74. நேற்று அவள் காலையும் வரைந்தோம். என் படத்துக்கு மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அதே சாய்வு, அதே புடைப்பு, கொஞ்சம் பெரிசு. பெரியவருக்கு போன் செய்தேன், ஃபர்மாவை எறியாமல் என் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம், இன்னும் இரண்டு துண்டு ஒட்டினால் போதும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வயதானவளாயிற்றே, கருப்பில் அடக்கமாக ஒன்று எடுக்கலாம் என்றேன். கிளிப்பச்சைதான் வேண்டுமாம்.